சம்பளமில்லாத ரயில்காரங்க

அன்புள்ள சார், வேல்ஸ்ல இருக்கிற மகனைப் பார்க்கப் போனப்ப ஃபெஸ்டினியோக் நீராவி ரயில்ல போனோம். டிக்கெட் பார்த்தவர் ரிட்டயர்டு டீச்சராம், ஃபயர்மேன் (இன்ஜின்ல நெருப்பைப் பார்த்துக்கறவர்) ஐடி கம்பெனிக்காரராம், ரெண்டு பேருக்கும் சம்பளமே கிடையாதாம். பழசு மேல இவ்வளவு ஏக்கமா, இல்ல காசிருக்கிறவங்க பொழுதுபோக்கா?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

ஏக்கமும் உண்டுதான். 1951ல அதே வேல்ஸ்ல டாலிலின் ரயிலை தன்னார்வலர்களே எடுத்து ஓட்டினப்ப (உலகத்துலயே அதான் முதல்) ஓனர் இறந்துபோய் மூடப்போற லைனைக் காப்பாத்தணும்ங்கிற தவிப்பு நிறைய இருந்துச்சு.

ஆனா நீங்க போன லைனோட கதை வேற. நீர்மின் திட்டத்துக்குன்னு ரிசர்வாயர் கட்டி பழைய பாதைல ஒரு பகுதியை முழுகடிச்சுட்டாங்க. நஷ்டஈடு கேஸ் அதுபாட்டுக்கு இழுத்துட்டு இருக்க, இந்த லைனோட தன்னார்வலர்கள் 1965ல கடப்பாரையும் மண்வெட்டியுமா மலைச்சரிவுல இறங்கி, தண்ணிக்கு மேல புதுசா ரெண்டரை மைல் பாதை போட ஆரம்பிச்சுட்டாங்க, வார லீவுல வந்தவங்கதான் பெரும்பாலும். டன்னல் குடையறதுக்கு சம்பளத்துக்கு சுரங்க ஆளுங்க. ஒரு இடத்துல லைன் வட்டமடிச்சு தன் மேலயே தாண்டி ஏறுமே, பார்த்திருப்பீங்க, அதுவும் இவங்க வெட்டினதுதான். ரிசர்வாயரைத் தாண்டி ரயில் போனது 1978ல. பதிமூணு வருஷம் உழைச்சது அதுவரை இல்லாத ஒரு பாதைக்கு, இதுல ஏக்கம் எங்க வந்துச்சு?

எனக்குத் தோணுறது, அங்க வேலை நிஜம். ஃபயர்மேன் ஆகணும்னா முதல்ல கிளீனர், விடியறதுக்கு முன்னாடி வந்து ஸ்மோக்பாக்ஸ் (இன்ஜின் முன்பக்கத்துல புகை சேர்ற அறை) சாம்பலை அள்ளணும், எண்ணெய்த்துணி வச்சுத் துடைக்கணும், அப்புறம்தான் பரீட்சை. பாய்லர் தண்ணி மட்டத்தைக் காட்டுற கண்ணாடிக்குழாயை கவனிக்காம விட்டு, நெருப்பு எரியற ஃபயர்பாக்ஸோட மேல்தகட்டுக்கு மேல தண்ணி இல்லாம போனா பாய்லரே வெடிக்கலாம், அதனால ஆசைக்கு வந்தவர்தானேன்னு யாரும் சலுகை காட்ட மாட்டாங்க. ஆபீஸ்ல மேனேஜரா இருக்கிறவர் இங்க சின்னப் பையன்கிட்ட திட்டு வாங்கிட்டு மறுவாரமும் வருவார். ஆபீஸ்ல அவர் போட்ட ரிப்போர்ட்டை யார் படிச்சாங்கன்னே தெரியாது, இங்க பத்தரை வண்டி பத்தரைக்குக் கிளம்புச்சா இல்லையான்னு கண்ணு முன்னாடி தெரிஞ்சுடும்.

காசு விஷயத்துல நீங்க சொன்னது பாதி சரி. பென்ஷனோ, ரெண்டு நாள் வார லீவோ இருக்கிறவங்களுக்குத்தான் இது கட்டுப்படியாகும், ஞாயித்துக்கிழமையும் ஷிஃப்ட் பார்க்கிறவரால எப்படி முடியும்?