கேளுங்கள், சொல்கிறேன்: கொழுவில் சிக்கிய டெய்சி

கேள்வி: பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் உழும்போது ஒரு டெய்சிச் செடி சாய்ந்துவிட்டதாம். அதற்கு ஒரு நீளக் கவிதை! ஒரு களைக்கு இத்தனை புலம்பலா ஐயா?
— கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: நான் தாவரவியல் வாத்தியாராக இருந்தவன் அம்மா. அதனால் முதலில் செடியிலிருந்து தொடங்குகிறேன். டெய்சியின் இலைகள் தரையோடு தரையாக வட்டமாகப் படிந்திருக்கும். மாடு மேய்ந்தால் பூ போகும், இலை தப்பிவிடும். புல்வெட்டும் இயந்திரமும் அதன் தலைக்கு மேலேதான் போகும். மிதித்தாலும் மறுபடி எழும். அப்படிப்பட்ட செடிக்குக் கலப்பைக் கொழுதான் எமன், வேரோடு புரட்டிப் போட்டுவிடும். பர்ன்ஸ் சும்மா பூப் பார்க்கப் போனவர் இல்லை, ஸ்காட்லாந்தில் மாஸ்கீல் பண்ணையைத் தம்பியோடு குத்தகைக்கு எடுத்து உழுதவர். தன் கையால் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும்.

‘நுனி சிவந்த பூவே’ என்று கூப்பிடுகிறார் பாருங்கள், அது அலங்காரம் இல்லை. வெள்ளை இதழ்களின் அடிப்புறமும் நுனியும் பல செடிகளில் சிவப்போடியிருக்கும். இரவிலும் மழையிலும் பூ மூடிக்கொள்ளும்போது அந்தச் சிவப்புதான் வெளியே தெரியும். தோட்டத்துப் பூக்களுக்கு மரமும் மதிலும் காவல், உனக்கு ஒரு மண்கட்டியோ கல்லோதான் என்கிறார். எனக்குப் பிடித்த இடம் இது.

அப்புறம், தலைப்பிலேயே 1786 ஏப்ரல் என்று போட்டிருக்கிறாரே, அதையும் கவனியுங்கள். பர்ன்ஸின் காதலி ஜீன் ஆர்மர் அப்போது அவர் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தார். பெண்ணின் அப்பா சம்மதிக்கவில்லை. பண்ணையிலும் வருமானம் இல்லை, ஜமைக்காவுக்குக் கப்பலேறிவிடும் யோசனை வேறு. கடைசியில் அழிவின் கொழு நம்மீதும் ஏறும் என்று முடிக்கிறார். அந்தப் பகுதி கொஞ்சம் உபதேசமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம். பரீட்சையில் அப்படியே எழுதிவிடாதீர்கள்!

கேள்வி: ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் டெய்சியைப் பாடியிருக்கிறாராமே?
— வாசகர், காரைக்குடி

பதில்: ஒன்றல்ல, பல. 1803இல் டம்ஃப்ரீஸ் ஊரில் பர்ன்ஸின் கல்லறையைப் போய்ப் பார்த்தார். பிறகு அதைப் பற்றி எழுதிய கவிதையில், பர்ன்ஸ் பாடிய அந்த அடக்கமான பூவைப் போலவே அவர் மேதைமையும் ஒளிர்ந்தது என்றார்.

கேள்வி: டெய்சி ஒரு பூ இல்லை, பூக்கூட்டம் என்று என் பேத்தி சாதிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம்.
— இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: பேத்தி பக்கம்தான் நான். நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் முழுக்கச் சின்னச் சின்னக் குழல் பூக்கள். சுற்றி நாம் இதழ் என்று நினைக்கிற ஒவ்வொரு வெள்ளைப் பட்டையும் தனிப் பூ. சூரியகாந்தி, சாமந்தி எல்லாம் இந்தக் குடும்பம்தான். உங்கள் தெருவோரத்தில் வெட்டுக்காயப்பூண்டு இருக்குமே, அதுவும் டெய்சிக்குச் சொந்தம். ஒன்றைப் பறித்துப் பிய்த்து, லென்ஸ் வைத்துப் பேத்தியோடு எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: பூக்கடையில் டெய்சி என்று சொல்லி உள்ளங்கை அகல ஆரஞ்சுப் பூவைக் கொடுத்தார்கள். ஏமாற்றா?
— வாசகர், ஓசூர்

பதில்: ஏமாற்று இல்லை, அது ஜெர்பரா. தென்னாப்பிரிக்க வழி வந்த ஒன்றுவிட்ட உறவு. உங்கள் ஊர்ப் பசுமைக் குடிலிலேயே விளைந்ததாக இருக்கும். விலையை மட்டும் பேரம் பேசுங்கள்.