ஆறு நிக்ஸி குழாய்க்கு செல்போன் சார்ஜர் போதுமா?

எண்கள் ஒளிரும் பழைய கண்ணாடிக் குழாய்தான் நிக்ஸி. உங்கள் ஆறு குழாயும் 5 வோல்ட் செல்போன் சார்ஜரில் ஓடுகின்றன, கடைசி இரண்டு மட்டும் விட்டு விட்டு எரிகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். சார்ஜருக்குப் பதில் 12 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டரும், வோல்ட்டை 170-க்கு உயர்த்த அதற்கேற்ற பூஸ்ட் போர்டும் போடுங்கள். அந்தக் கோளாறு பெரும்பாலும் நின்றுவிடும்.

அம்பாசமுத்திரத்தில் சாயங்காலம் கரண்டு இறங்குவதைச் சந்தேகப்படுகிறீர்கள். சார்ஜரில் உள்ளீடு 100–240 வோல்ட் என்று போட்டிருந்தால் லைன் மேல் பழி வேண்டாம். ஐஎன்-12 வகை நிக்ஸி குழாய் ஒன்றுக்கு 2.5 மில்லிஆம்பியர்; ஆறும் சேர்ந்து 170 வோல்ட்டில் இரண்டரை வாட். போர்டின் இழப்பையும் சேர்த்தால் 5 வோல்ட் பக்கம் முக்கால் ஆம்பியர் இழுக்கும். ஒல்லியான யுஎஸ்பி ஒயரில் அங்கேதான் வோல்ட் சரிகிறது.

ஆறும் எரியும்போது போர்டின் உள்ளீட்டில் மல்டிமீட்டர் வையுங்கள். நாலரைக்குக் கீழே போனால் ஒயரோ சார்ஜரோதான். ஐந்திலேயே நின்றால் போர்டைப் பாருங்கள்.

அப்புறம், பிளக்கைப் பிடுங்கினாலும் கெப்பாசிட்டரில் 170 வோல்ட் கொஞ்ச நேரம் நிற்கும். 100 கிலோஓம் ரெசிஸ்டர் வைத்து இறக்கி, மீட்டரில் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.