நெய்வேலி: பட்டா இல்லாதவர்களின் கணக்கு

அன்புள்ள ஐயா,

நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுப்பவர்களுக்கு ஏக்கருக்கு லட்சக்கணக்கில் பணமும் மாற்று வீடும் கிடைக்கிறதே. பிறகும் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

செ., விழுப்புரம்

அன்புள்ள செ.,

பணம் பட்டாதாரருக்குப் போகிறது. அதே வயலை நம்பிப் பிழைப்பவர்கள் வேறு பலர்: வாய்மொழிக் குத்தகைக்காரர், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்கள், வைக்கோலை நம்பி மாடு வைத்திருப்பவர். அவர்கள் கையில் பத்திரம் கிடையாது.

1997 தமிழ்நாட்டுச் சட்டப்படி தொழிலுக்கு நிலம் எடுக்கும்போது, 2013 மத்திய நில எடுப்புச் சட்டத்தின் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயமில்லை. ஆனால் அதன் இழப்பீடு, மறுவாழ்வு அட்டவணைகள் பொருந்தும். நிலம் எடுப்பதற்கு முன் மூன்றாண்டுகள் அங்கே உழைத்து அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட கூலியாட்களும் குத்தகைதாரரும் 2013 சட்டப்படி பாதிக்கப்பட்ட குடும்பங்கள்தான். வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை என்று அட்டவணை சொல்கிறது. இடம்பெயரும் குடும்பத்துக்கு ஓராண்டுக்கு மாதம் 3,000, வண்டிச் செலவுக்கு 50,000.

சிக்கல் கணக்கெடுப்பில் வருகிறது. குத்தகைதாரர் பெயர் கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் இருக்காது. உரிமையாளர் பதியவிட மாட்டார். வட்டாட்சியர் அலுவலகத்தில் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கு மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வைப்பது நல்லது. கூலித் தொழிலாளர் ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், நூறு நாள் வேலை அட்டை மூன்றிலும் ஒரே முகவரி இருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருக்கும் மணமான மகனைத் தனிக் குடும்பமாகக் காட்டாமல் விட்டால் ஒரு பங்கு போய்விடும். கூட்டுப் பட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயர் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வரும்வரை பணம் கைக்கு வராது. தொகையை வாங்கும்போது 'ஆட்சேபணையுடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கூடுதல் கேட்கும் வழி அடைபடாது.

2023 ஜூலையில் நெய்வேலி அருகே வளையமாதேவியில், சுரங்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வெட்ட, நெற்பயிர் நின்ற வயலில் சுரங்க நிறுவனமான என்.எல்.சி. மண்வாரி இயந்திரங்களை இறக்கியது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே எடுத்ததுதான். ஆனால் பயிர் அந்தப் பருவத்தது, விதைத்தவர்களுடையது. ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அறுவடைவரை பொறுத்திருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

எல்லைக்கல்லுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த அட்டவணையும் இல்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத் தரை பிளந்துவிடும். அதனால் இரவும் பகலும் மோட்டார் ஓடுகிறது. சுற்றுவட்டாரத்தில் கிணறு வைத்திருப்பவர்கள் சித்திரையிலும் ஐப்பசிக்குப் பிறகும் நீர்மட்டத்தை அளந்து தேதியோடு எழுதி, கிராம சபையில் பதிவு செய்ய வேண்டும். பின்னால் மனு போடும்போது காட்ட அதுதான் இருக்கும்.