சூடாக்கியும் வயிறு கெட்டது ஏன்?

கேள்வி: விடுமுறைக்கு 25 பேர் கூடினோம். ஒரே கும்மாளம். மதியம் சமைத்ததையே இரவு நன்றாகக் கொதிக்க வைத்துப் பரிமாறினோம். விடிவதற்குள் பாதிப் பேருக்கு வாந்தி, பேதி. எங்கே தவறு?

பதில்: அடுப்பில் இல்லை, பெரிய பாத்திரத்தில் இருந்திருக்கலாம். ஆழமான பாத்திரத்தின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமிகள் மளமளவெனப் பெருகும். சில கிருமிகள் விடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் அழியாது. முகர்ந்து பார்த்தும் பயனில்லை. வாடை மாறாமலே கெட்டிருக்கும். சமைத்த 2 மணி நேரத்துக்குள் (வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்) அகலத் தட்டுகளில் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் பிரித்து ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

பேதி கண்டவர்களுக்கு 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்பு கூடினால் ஆபத்து. மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவு, குழந்தை சோர்ந்து கிடப்பது என்றால் உடனே மருத்துவரிடம்.