36-இல் ஒன்று

வணக்கம் அண்ணே,

செந்தூலில் எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் நண்பர்கள் கூடி பேட்டில்டெக் என்ற ரோபோச் சண்டைப் பலகை ஆட்டம் ஆடுவோம். போன வாரம் முதல் சுற்றிலேயே என் 100 டன் அட்லஸ் ரோபோ காலி. தூரத்திலிருந்து ஒரே குண்டு, தலை போய்விட்டது. மீதி மூன்று ரோபோக்களை ஓடவிட்டுச் சுட்டேன். இரண்டு பகடையில் 7 விழுந்தாலே போதும். 12 தடவை உருட்டியதில் மூன்றுதான் பட்டது. கண்ணு பட்டிருக்கு என்கிறார் அம்மா. பகடையை மாற்று என்கிறான் கூட்டாளி. இது ராசியா, கணக்கா?

செந்தூல் வாசகர்

அன்புள்ள தம்பி,

அட்லஸுக்கு முதலில் என் அஞ்சலி. ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: 1984-இல் அமெரிக்காவில் வந்தது. அறுகோணக் கட்டங்களில் மாடி உயர ரோபோக்கள் சுட்டுக்கொள்ளும். குண்டு பட்டதா என்று இரண்டு பகடை, பட்டால் எங்கே என்று மறுபடி இரண்டு. அங்கே 12 விழுந்தால் தலை. எவ்வளவு பெரிய ரோபோவானாலும் தலைக்கு 9 புள்ளிக் கவசம், உள்ளே 3, அவ்வளவுதான். உங்களைச் சுட்டது காஸ் ரைஃபிள் என்ற ஆயுதமாக இருக்கும். அதன் அடி 15 புள்ளி. 12 விழ 36-இல் ஒரு வழிதான். ஆனால் அந்த ஒரு வழி கடைசியில்தான் வர வேண்டும் என்று சட்டமில்லையே.

அடுத்து அந்த 12 உருட்டல். 7-ம் அதற்கு மேலும் விழ 36-இல் 21 வழி. ஆக சராசரியாக ஏழு குண்டு பட்டிருக்க வேண்டும். மூன்றோ அதற்கும் கீழோ படுவது நூறு ஆட்டத்தில் இரண்டில்தான் நடக்கும். வருஷத்துக்கு 52 ஞாயிறு. வாராவாரம் இதே கணக்கில் ஆடினால் ஒரு ஞாயிறு இப்படிப் போகத்தான் செய்யும். மீதி 51 ஞாயிறு பற்றி நீங்கள் எனக்குக் கடிதம் எழுதவில்லை.

நானும் ஒரு காலத்தில் புலம்பியவன்தான். ஒரு நோட்டு வாங்கி, மூன்று மாதம் ஒவ்வொரு உருட்டலையும் எழுதி வைத்தேன். கூட்டிப் பார்த்தால் சராசரி ஏழை ஒட்டியே நின்றது. எனக்குப் பெரிய ஏமாற்றம். தோற்றதற்குச் சொல்ல ஒரு காரணம் போய்விட்டதே!

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு: 'ஓடவிட்டுச் சுட்டேன்'. ஓடினால் குண்டு படத் தேவையான எண்ணில் 2 கூடும், நடந்தால் 1. நடந்திருந்தால் 6 போதும், அதற்கு 26 வழி. நின்று சுட்டால் 5, 30 வழி. ஒரு எண்தானே என்று தோன்றும்; இரண்டு பகடையில் நடுவில் இருக்கிற ஒரு எண் ரொம்பப் பெரிசு. நிறைய கட்டம் தாண்டினால் எதிரிக்கும் குறி தவறும் என்பது உண்மைதான். சரி, நீங்கள் ஓடியது எத்தனை கட்டம்?

நளனைப் பிடித்தது சனி என்பார்கள் திருநள்ளாறு போய் வந்தவர்கள். மகாபாரதம் கலி என்கிறது. எதுவானாலும், அது விலகிய விதம் எனக்குப் பிடிக்கும். நளன் ஓட்டும் தேரில் போகும்போது தான்றி மரத்தைப் பார்த்த மாத்திரத்தில் இலையும் காயும் எத்தனை என்று சொல்கிறான் ருதுபர்ண ராஜா. நளன் நம்பவில்லை. தேரை நிறுத்தி இறங்கி எண்ணுகிறான், சரியாக இருக்கிறது. அந்தக் கணக்கையும் பகடை வித்தையையும் கற்ற பிறகுதான் கலி அவனை விட்டு இறங்குகிறான். அந்தக் காலத்துப் பகடையே தான்றிக்காய்தான். நம் மலேசியாவிலோ கார் மோதினால் அடிபட்டவனைப் பார்ப்பதற்குள் பிளேட் நம்பரைக் குறித்துக்கொண்டு நாலு நம்பர் லாட்டரி எடுக்க ஓடுகிறோம்.

பகடை மேல் சந்தேகமா? ஒவ்வொன்றையும் 300 தடவை உருட்டி எழுதுங்கள். ஒவ்வொரு முகமும் சுமார் 50 வர வேண்டும். ரொம்ப விலகினால் கூட்டாளி சொன்னபடி மாற்றுங்கள். அம்மா சுற்றிப் போடுவதானால் போடட்டும். மிளகாய் நெடியில் எதிராளி இருமினால் அதுவும் லாபம்தான்.

பினாங்கு பக்கம் வந்தால் அட்லஸைக் கொண்டு வாருங்கள். என்னிடமும் ஒரு காஸ் ரைஃபிள் இருக்கிறது.