பெயரை மறைத்துப் படித்தல்

அன்புள்ள ஐயாவுக்கு,

நாடகமும் திரைப்படமும் பயிலும் மாணவர்களுக்காக, அத்துறைகளின் பணிப்பெயர்களுக்கு எளிய ஆங்கிலத்தில் விளக்கம் எழுதி வருகிறேன். கேஃபர் விளக்குகளுக்குப் பொறுப்பானவர், ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட் டைரக்டர் இயக்குநருக்கு உதவுபவர், ஸ்டேஜ் மேனேஜர் மேடையைக் கவனிப்பவர் என்ற பொருளில் எழுதினேன். பிழை எதுவும் எனக்குத் தென்படவில்லை. ஆனால் மாணவர்களுக்கு விளங்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

ஒரு நாடக ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பணியின் பெயரை மறைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள். ‘விளக்குகளுக்குப் பொறுப்பானவர்’ என்பது கேஃபருக்கும் பொருந்தும், ஒளிப்பதிவாளருக்கும் பொருந்தும். ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று எழுதும்போதெல்லாம் நாம் தேடியிருக்க வேண்டிய வினைச்சொல் ஒன்று விடுபட்டுப் போகிறது. காட்சியின் ஒளி எவ்வாறு அமைய வேண்டும் என்று இயக்குநருடன் கலந்து தீர்மானிப்பவர் ஒளிப்பதிவாளர். அந்த ஒளியைப் பெற எந்த விளக்கை எங்கே நிறுத்துவது, மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று திட்டமிட்டு, மின்பணியாளர்களைக் கொண்டு அதைச் செய்து முடிப்பவர் கேஃபர். பக்கத்துப் பணியிலிருந்து ஒரு பணி எங்கே பிரிகிறதோ அந்த இடத்தைச் சொல்வதுதான் விளக்கம். ‘ஹெல்ப்ஸ்’ என்ற சொல்லும் இவ்வாறே மறைக்கிறது: ஃபர்ஸ்ட் அசிஸ்டன்ட் டைரக்டர் படப்பிடிப்பு அட்டவணையைத் தயாரிக்கிறார், தளத்தில் அன்றைய வேலையை நேரத்துக்குள் நடத்துகிறார். இந்த இரண்டு வினைகளே போதும்.

ஸ்டேஜ் மேனேஜரின் விளக்கத்தில்தான் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பேன், ஏனெனில் அவர் பணி காலத்தோடு மாறுகிறது. ஒத்திகையில் நடிகர்களின் அசைவுகளைப் பிரதியில் குறித்துக்கொள்கிறார். நிகழ்ச்சியின்போது ஒளி, ஒலி, காட்சி மாற்றம் ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் நிகழ வேண்டும் என்று அவற்றை இயக்குபவர்களுக்குச் சொல்கிறார். முதல் நிகழ்ச்சி அரங்கேறிய பின் இயக்குநர் பெரும்பாலும் விலகிக்கொள்ள, நாடகம் அவர் அமைத்தபடியே தொடர்வதைக் காப்பவரும் இவரே. இந்த வரிசையிலேயே எழுதுங்கள். நிகழ்ச்சியின்போது அவர் கணம் பார்த்துச் சொல்வதைத் துறையினர் ‘கால்ஸ் தி க்யூஸ்’ என்பார்கள். சரியான தொடர்தான், ஆனால் ‘க்யூ’ என்னவென்று அறியாத மாணவருக்கு அதற்கே தனி விளக்கம் தேவைப்படும். ஆகவே அதை எளிய சொற்களில் விரித்து எழுதிவிட்டு, துறைச்சொல்லைப் பிறகு அறிமுகப்படுத்துங்கள்.

நாட்டையும் காலத்தையும் குறிப்பிடத் தயங்காதீர்கள். அமெரிக்கத் தளத்தில் கிரிப் பிரிவினர் கேமராவைத் தாங்கும் அமைப்புகளோடு, ஒளியைத் தடுக்கும் திரைகளையும் மென்மையாக்கும் திரைகளையும் கையாள்வார்கள். பிரிட்டனில் ஒளி சார்ந்த அவ்வேலை மின்பணியாளர்களுடையது, கிரிப் பெரும்பாலும் கேமராவோடு நின்றுவிடுவார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் நாடக உலகில் ‘புரொட்யூசர்’ என்ற சொல், இன்று நாம் டைரக்டர் என்று அழைப்பவரையே குறித்து வந்தது. பழைய நாடக நிகழ்ச்சிக் கையேட்டைப் படிக்கும் மாணவர் இதை அறியாவிட்டால், நாடகத்தை இயக்கியவரைப் பணம் போட்டவர் என்று எண்ணிவிடுவார்.

ஒரே ஒரு பணிக்கு இந்தச் சுருக்கம் ஒத்துவராது. 1767இல் ஹாம்பர்க் தேசிய அரங்கில் ஜெர்மானிய நாடகாசிரியர் லெஸ்ஸிங் ஏற்ற பணியிலிருந்து தொடங்கும் டிராமடர்க், ஓர் அரங்கில் நாடகங்களைத் தேர்ந்தெடுக்கிறார், இன்னோர் அரங்கில் பிரதியின் வரலாற்றுப் பின்னணியை ஆராய்ந்து தருகிறார், வேறோர் இடத்தில் புதிய நாடகாசிரியருடன் அமர்ந்து பிரதியைச் செப்பனிடுகிறார். அவருக்கு மட்டும் மூன்று வாக்கியங்களை அனுமதியுங்கள். ‘அரங்குக்கு அரங்கு மாறும்’ என்பதையும் விளக்கத்திற்குள்ளேயே எழுதிவிடுங்கள்.