ஆள் மாறாட்டம்

கேள்வி: உளவாளிப் படங்களில் ஹீரோ சட்டத்தை மீறி எதிரியைத் தீர்த்துக்கட்டும்போது விசில் அடிக்கிறோம். நிஜ உளவுத்துறை நாட்டைக் காப்பாற்ற அதையே செய்தால் மட்டும் ஏன் குறை சொல்கிறீர்கள்?

பதில்: விசில் அடியுங்கள், நானும் அடிப்பவன்தான். ஆனால் சினிமாவில் வில்லன் குண்டு தயாரிப்பதை இடைவேளைக்கு முன்பே நமக்குக் காட்டிவிடுகிறார்கள். ஹீரோ சுடும்போது ‘ஆள் இவன்தானா?’ என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. நிஜ உளவாளி கையில் இருப்பது ஒரு போட்டோவும் ஒரு துப்பும்தான்.

1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணியினர் 11 பேர் கொல்லப்பட்டார்கள். பழிதீர்க்கக் கிளம்பிய இஸ்ரேல் உளவுத்துறை மொசாட்டின் பட்டியலில் முக்கியமான பெயர், பாலஸ்தீன ஆயுதக் குழுவின் தலைவர்களில் ஒருவரான அலி ஹசன் சலாமே. அவர் நார்வேயில் லில்லஹாமர் என்ற சின்ன ஊரில் இருப்பதாகத் தகவல். 1973 ஜூலை 21 இரவு, கர்ப்பிணி மனைவியோடு சினிமா பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவரை, வீட்டருகே மனைவியின் கண் முன்னாலேயே சுட்டுத் தள்ளினார்கள். இறந்தவர் சலாமே இல்லை. அகமது பூஷிகி, மொராக்கோவிலிருந்து பிழைக்க வந்த ஓட்டல் சர்வர். அன்று அவர் பார்த்துவிட்டு வந்த படம் ‘வேர் ஈகிள்ஸ் டேர்’. மாறுவேடத்தில் ஜெர்மானியர் கோட்டைக்குள் புகும் சாகசக்காரர்களின் கதை!

சாமர்த்தியத்தையும் பாருங்கள். போலீஸ் நம்பரைக் குறித்து வைத்திருந்த வாடகைக் காரிலேயே மறுநாள் ஏர்போர்ட்டுக்குப் போய் மாட்டிக்கொண்டார்கள். பிடிபட்ட 6 பேரில் 5 பேருக்குச் சிறை. அவர்களும் 1975-க்குள் வெளியே வந்துவிட்டார்கள். 1996-ல் இஸ்ரேல் பூஷிகி குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. ‘பொறுப்பு எங்களுடையது’ என்று மட்டும் சொல்லவில்லை.

சட்டத்தை மீறினால் என்ன என்கிறீர்கள். கோர்ட் என்றால், ‘ஐயா, இவர் அவரில்லை’ என்று சொல்ல ஒரு வக்கீலாவது இருந்திருப்பார். பஸ் ஸ்டாப்பில் யார் இருந்தார்கள்? சலாமேயை 1979-ல் பெய்ரூட்டில் கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். சரி, இந்த முறை ஆள் மாறவில்லை. தெருவில் போனவர்களும் சேர்ந்து செத்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பழிவாங்கலை வைத்து 2005-ல் ஸ்பீல்பெர்க் ‘மியூனிக்’ எடுத்தார். கொன்றவர்களின் மனசாட்சி உறுத்துவதைக் காட்டிய நல்ல படம். அதிலும் லில்லஹாமர் கிடையாது.